அன்னை கடியாத காந்தள்

நம் வட்டத்தின் திங்கட் கூட்டம் ஒன்றில் இளங்கவிஞர் ஒருவர் தம் காதலியின் விரல்களைச் செங்காந்தளுக்கு ஒப்பிட்டுக் கவிதை படித்தார். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் கேட்டார்: "தம்பி, காந்தளைக் கண்டிருக்கிறீர்களா? அதன் கிழங்கைக் கண்டிருக்கிறீர்களா?" பூவைப் படத்தில் கண்டதுண்டு என்றும், அதற்குக் கிழங்கு உண்டு என்பதே தமக்குப் புதிய செய்தி என்றும் கவிஞர் ஒளிவின்றி ஒப்புக்கொண்டார். அவையில் சிரிப்பெழுந்தது. சிரித்தவர்களுள் எத்தனை பேர் அக்கிழங்கைக் கண்டவர்கள் என்று எனக்குள் ஓர் ஐயம். அன்றைய வினா என்னைக் குறுந்தொகையின் 361ஆம் பாட்டுக்குத் திருப்பியது.

பாடியவர் கபிலர். தலைவி தோழியிடம் பேசுகிறாள். தலைவனுடைய மலையில் மாலையில் மழை பொழிந்திருக்கிறது. பெருகிய நீரில் அடியோடு பெயர்ந்த காந்தள் ஒன்று காலையில் அவளூர்த் துறைக்கு வந்து சேர்கிறது. அவர் மலையிலிருந்து வந்தது என்பதனால் அதை அவள் தழுவிக்கொள்கிறாள். தழுவிய வேகத்தில் அதன் மெல்லிய இலைகள் வாடிக் குழைகின்றன. பின் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று நடுகிறாள். தாய் பார்க்கிறாள், தடுக்கவில்லை. அத்தாய்க்குக் கைம்மாறாக மேலுலகத்தையே கொடுத்தாலும் அது சிறிதுதான் என்கிறாள் மகள். ஆறே அடியில் முடிந்துவிடும் பாட்டு. காட்டுச் செடியொன்று மனைக்கு வந்து நடப்பட்ட நிகழ்ச்சியைத் தமிழில் இத்துணைத் தெளிவாகச் சொல்லும் இதனினும் பழைய பாட்டு எதுவும் என் நினைவில் இல்லை. அவ்வாறு வந்த செடி நச்சுச் செடி என்பதுதான் இதில் நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி.

பொதுவாகக் கூறப்படும் விளக்கம் எளிது. மகளின் காதலைத் தாய் அறியாள். ஏதோ ஒரு செடியை விளையாட்டாகக் கொணர்ந்து நடுகிறாள் என்று விட்டுவிட்டாள். காதலன் மலையை வீட்டுக்குள் கொண்டுவர இடம் தந்தாளே என்று மகள் உள்ளம் உருகுகிறாள். இவ்விளக்கத்தில் பிழை காண்பது என் நோக்கமன்று. ஆயினும் ஓர் இடம் நெருடுகிறது. முல்லையையோ வேங்கையையோ நட்டால் எந்தத் தாயும் தடுக்கமாட்டாள். தடுக்க வேண்டிய ஒன்றைத் தடுக்காதபோதுதான் தடுக்கவில்லை என்ற சொல்லுக்குக் கனம் ஏறுகிறது. மேலுலகமும் சிறிது என்னும் அளவுக்கு நன்றி பெருக வேண்டுமாயின், தாய் விட்டுக்கொடுத்தது சிறிய பொருளாக இருந்திருக்க இயலாது. மலைவாழ் தாயொருத்தி அக்கொடியின் அடியில் இருப்பது இன்னதென்று அறிந்திருந்தும், மகள் முகத்தைப் பார்த்து வாளா இருந்தாள் என்று கொண்டால் என்ன?

இதனை வட்டத்தில் முன்மொழிந்தபோது, நம் மூத்த உறுப்பினரான தமிழாசிரியர் ஒருவர், "பாட்டில் இல்லாததைப் புகுத்தாதீர் ஐயா" என்று கடிந்துகொண்டார். அவர் கேட்டது நேரிய கேள்வி: சங்க காலத்தார் காந்தளை நஞ்சென்று அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று எங்கே? நேர்ச்சான்று இல்லை. நான் படித்த அளவில் காந்தளை நஞ்சென்று கூறும் சங்கப் பாட்டு ஒன்றும் அகப்படவில்லை. பூவின் சிறப்பே எங்கும் பேசப்படுகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கும்போது முதலில் வைப்பது செங்காந்தளை. குறுந்தொகையின் முதற் பாட்டிலேயே முருகனுடைய குன்றம் காந்தளால் நிறைந்தது என்று கூறித் தலைவனின் கையுறையைத் தோழி மறுக்கிறாள். விரலாகவும், கையாகவும், சுடராகவும், உடைந்த வளையாகவும் காந்தள் நம் பாட்டுகளில் மலர்ந்துகொண்டே இருக்கிறது.

நேர்ச்சான்று இல்லாவிடினும் சாயல்கள் உண்டு. குறுந்தொகை 185ஆம் பாட்டில் கீழ்க்காற்றால் சாய்ந்து பாறைமேல் கவிழ்ந்த செங்காந்தள், படம் சுருங்கிய பாம்பு போலக் கிடக்கிறது. 239ஆம் பாட்டில் காந்தளில் தாதூதும் தும்பி, பாம்பு உமிழ்ந்த மணியெனத் தோன்றுகிறது. திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடிய காந்தளை வண்டுகள் மொய்ப்பதில்லை. அது தெய்வத்துக்குரிய பூ ஆதலின் என்பர். மற்ற இடங்களில் வண்டு மொய்ப்பதும், இங்கே அணுகாது விலகுவதும், இருமுறை பாம்பு வந்து நிற்பதும் தற்செயலாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றும் மெலிந்த சான்றே.

வலுவான சான்றைக் கபிலரே வேறோரிடத்தில் தந்திருக்கிறார் என்று கருதுகிறேன். புறநானூறு 109ஆம் பாட்டில், பாரியின் பறம்பு மலைக்கு உழவர் உழாமலே விளையும் உணவு நான்கு என்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். கிழங்கு அகழ்ந்து உண்ணும் மலைமக்களின் நடுவே வாழ்ந்து பாடிய புலவர் அவர். கிழங்கு தோண்டி வாழும் மக்களுக்கு முதற்கல்வி எது? எந்தக் கிழங்கைத் தின்னலாகாது என்பதேயாகும். வள்ளியும் கொடி, காந்தளும் கொடி. இரண்டும் கோடையில் மேலே காய்ந்து மறைந்து, மழையில் மண்ணுக்குள்ளிருந்து முளைத்து வருபவை. இவற்றைப் பிரித்தறியாத குடி ஒரு தலைமுறைகூடத் தாங்காது. ஈழத்தில் காந்தட் கிழங்கை வற்றாளை என்று மயங்கி அவித்துண்டவர்கள் மருத்துவமனைக்கு வந்த செய்திகள் இருபதாம் நூற்றாண்டு மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கடையில் கிழங்கு வாங்குகிற காலத்தவர்க்கு வந்த மயக்கம் அது; கபிலர் காலத்துக் குறத்திக்கு வந்திராது.

பெயர்களும் ஒரு கதை சொல்லும். புலவர் பூவைப் பார்த்துப் பெயரிட்டனர்: காந்தள், தோன்றி, கோடல். (இம்மூன்றும் ஒன்றா வேறா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நறுமணம் கமழ்வதாகச் சங்கப் பாட்டு கூறும் காந்தளையும், முகர்ந்தால் மல்லிகைபோல் மணக்காத இன்றைய செங்காந்தளையும் ஒன்றெனக் கொள்ளத் தயங்குவாரும் உளர்.) தோன்றி என்ற பெயர் மலையாளத்தில் மேந்தோன்னி என வாழ்கிறது, டச்சு ஆளுநர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலில் அப்பெயராலேயே இக்கொடி இடம்பெற்றது. லின்னேயஸ் 1753இல் இதற்குச் சூட்டிய 'குளோரியோசா சுப்பெர்பா' என்ற பெயரும் பூவின் பெருமையைப் பாடுவதுதான். மருத்துவரோ மண்ணுக்குள் பார்த்தனர். கலப்பைபோல் இரண்டாக வளைந்த கிழங்கு ஆதலின் கலப்பைக்கிழங்கு; வடமொழியில் லாங்கலி என்பதும் அதே பொருளது. ஊரார் வழங்கும் பெயர் கண்வலிப்பூ. உற்றுப் பார்த்தாலே கண் நோகும் என்று குழந்தைகளை அச்சுறுத்தியிருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றும் நேராது என்பது சொல்லிய தாய்மார்க்கும் தெரிந்திருக்கும். பூவைப் பார்க்கும் குழந்தை பறிக்கும், பறிக்கும் குழந்தை தோண்டும். ஆகவே பார்வையிலேயே தடை போட்டுவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்துக் கிளுவை வேலியில் ஐப்பசி மழைக்கு இக்கொடி ஏறும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பூ முதலில் பசுமஞ்சளாய்த் தலைகீழாக விரிந்து, நாளடைவில் இதழ்கள் மேல்நோக்கி வளைந்து செந்தீயாகும். என் தாயார் ஆண்டுதோறும் கடப்பாரையால் அதன் அடியைத் தோண்டிக் கிழங்கை எடுத்து, மாடு கன்று வராத இடத்தில் போட்டுக் கொளுத்துவார். கையை மூன்று முறை சாம்பலிட்டுக் கழுவுவார். ஆனால் தோண்டுவதற்கு முன் பூக்களைப் பறித்து முருகன் படத்துக்கு வைத்துவிடுவார். கிழங்கின் ஒரு துண்டு எப்படியோ மண்ணில் தங்கி அடுத்த ஆண்டும் முளைக்கும். அவர் உண்மையில் அதை ஒழிக்க விரும்பினாரா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இங்கே மற்ற நச்சு மலர்களையும் உடன்வைத்துப் பார்ப்பது தகும். பிற்கால ரசநூல்கள் துணைநஞ்சுகள் என்று ஒரு தொகுதி வகுக்கின்றன. அதில் எருக்கு, கள்ளி, அரளி, ஊமத்தை, குன்றி ஆகியவற்றோடு காந்தளும் உண்டு. இப்பட்டியலைப் படித்தபோது மருந்து நூலைப் படிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. இவற்றுள் பெரும்பாலானவை நம் பாட்டுகளில் பழகிய முகங்கள். எருக்கம்பூக் கண்ணி சூடி மடலேறுவான் காதலில் தோற்றவன். கணவிரம் எனப்படும் செவ்வரளி திருமுருகாற்றுப்படையில் முருகன் வழிபாட்டில் மாலையாகத் தொங்குகிறது. மணிமேகலையில் அதே கணவிர மாலையும் எருக்க மாலையும் புகார்த் தெருவில் திரியும் பித்தன் உடம்பில் கிடக்கின்றன. ஊமத்தை தேவாரத்தில் சிவன் சடைக்கு ஏறியது. ஆடவல்லான் செப்புத் திருமேனிகளின் சடையிலும் அதைக் காணலாம். தெய்வமும் பித்தனும் மடலேறுவோனும் சூடலாம். மனையிலிருக்கும் பெண் சூடலாகாது. நஞ்சு என்ற சொல்லை எடுக்காமலே, யார் சூடுவது என்பதைக் கொண்டு புலவர்கள் எல்லை வகுத்துவிட்டார்கள். எருக்கேயாயினும் தெய்வம் வேண்டாமென்று மறுக்காது என்று புறநானூற்றில் பாரிக்காகப் பேசியவரும் கபிலரே. அப்பூவை நல்லது தீயது என்ற இரண்டுக்கும் வெளியே நிறுத்துகிறார் அவர்.

ஊமத்தையைப் பற்றி மட்டும் சற்று விரித்துக் கூற வேண்டும். வெள்ளூமத்தையைவிடக் கருவூமத்தைக்கு வீரியம் மிகுதி என்பது நாட்டு வைத்தியர் நம்பிக்கை. கருநொச்சி, கருந்துளசி என்று கரு என்னும் அடை பெற்றவற்றையெல்லாம் அவர்கள் உயர்த்தியே பேசுவர். கருவூமத்தையின் தண்டு கத்தரி நிறம் முற்றிக் கருமை பாய்ந்திருக்கும். பூ வெளிப்புறம் கருநீலச் செம்மையாகவும் உட்புறம் வெளிறியும், அடுக்கடுக்காகப் புனல்போல் விரியும். கண்டவர் தோட்டத்தில் வைக்கவே விரும்புவர். ஆனால் ஊமத்தைப் பேரினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்று தாவரவியலார் கூறுகின்றனர். கொலம்பஸ் கடல் கடந்தது 1492இல். சம்பந்தரும் அப்பரும் அதற்கு எட்டு நூற்றாண்டுக்கும் முற்பட்டவர்கள். அவர்கள் பாடிய மத்தம் இதுதானெனில் அது எவ்வாறு வந்தது? ஆர். கீதா, வலீத் கராய்பே ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பழைய நூல்களையும் சிற்பங்களையும் கொண்டு, கொலம்பஸுக்கு முன்பே, கி.பி. முதலாயிரத்துக்குள்ளேயே, ஊமத்தை இப்பக்கம் வந்துவிட்டது என்று வாதிட்டனர். எந்தக் கப்பலில், யார் கையில் என்பது தெரியவில்லை. அவ்வாறாயின் சிவன் சடையில் இருப்பது இரு கடல் தாண்டி வந்த செடி.

தில்லையையும் விட்டுவிட இயலாது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். குறிஞ்சிப்பாட்டின் மலர்களுள் அதுவும் ஒன்று. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த அம்மரத்தைக் காண இன்று பிச்சாவரத்து உப்பங்கழிக்குத்தான் செல்ல வேண்டும்.

எருக்கும் கள்ளியும் தில்லையும் ஒடித்த உடனே பால் வடித்துத் தம்மை அறிவித்துவிடுகின்றன. ஊமத்தையின் இலையைக் கசக்கினால் எழும் கெட்ட வாடையும், அதன் முட்காயும் ஆளை விலக்கும். காந்தளிடம் அத்தகைய எச்சரிக்கை ஏதுமில்லை. அதனால்தானோ இக்கூட்டத்தில் காந்தள் ஒன்று மட்டும் பித்தனிடமும் மடலேறுவோனிடமும் செல்லாமல் மகளிர் விரலுக்கும் கூந்தலுக்கும் வந்து சேர்ந்தது.

அதன் நஞ்சுக்குப் பெயர் கோல்சிசின். பிரெஞ்சு வேதியியலார் பெல்லெத்தியே, கவாந்து இருவரும் 1820இல் ஐரோப்பிய உறவுச்செடி ஒன்றிலிருந்து அதைப் பிரித்தனர். காந்தளிலும் அதுவே உள்ளது என்று இலண்டன் வேதியியல் கழக இதழில் கட்டுரை வந்தது 1915இல். அதே 1915இல்தான் சௌரிப்பெருமாள் அரங்கன் குறுந்தொகையை முதன்முதலாக அச்சேற்றினார். 1937இல் அமெரிக்காவில் பிளேக்சுலீயும் ஏவரியும் கோல்சிசினைச் செடிகளில் செலுத்தி, உயிரணுவின் நிறப்புரிகளை இரட்டிக்கச் செய்யும் முறையை வெளியிட்டனர். பயிர்ப் பெருக்க ஆய்வின் போக்கை மாற்றிய கண்டுபிடிப்பு அது. பிளேக்சுலீ ஆண்டுக்கணக்கில் ஆய்ந்துவந்த செடி எது என்று கேட்டால் வியப்பீர்கள்: ஊமத்தை. அதே 1937இல் உ.வே.சாமிநாதையர் தம் விரிவான உரையோடு குறுந்தொகையைப் பதிப்பித்தார். இவ்வாண்டுகளின் பொருத்தத்துக்குப் பொருள் ஒன்றும் இல்லைதான். எழுதும்போது கண்ணில் பட்டது, சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்நஞ்சு செய்வது இன்னதென்பதை ஒரு சொல்லில் கூறிவிடலாம்: உயிரணு இரண்டாகப் பிரிவதை அது நிறுத்திவிடும். விரைந்து வளரும் உறுப்புகளே முதலில் தாக்குண்ணும். குடல், எலும்பு மச்சை, மயிர்க்கால். காந்தட் கிழங்கு நஞ்சிலிருந்து உயிர் பிழைத்த ஒருவரின் உடல்மயிர் முழுதும் உதிர்ந்துபோனதை இலங்கை மருத்துவர் ஒருவர் 1966இல் பிரித்தானிய மருத்துவ இதழில் பதிவு செய்தார். காந்தள் மணக்கும் கூந்தலென்று பாடிய மரபில் வந்த நாம் அச்செய்தியைப் படிக்கும்போது சற்று நேரம் எதுவும் பேசமுடியாது. வாழ்வை வெறுத்த பெண்கள் சிலர் அக்கிழங்கை நாடியதையும் நம் ஊர்கள் அறியும். பெரியவர்கள் அப்பெயர்களைத் தாழ்ந்த குரலில் சொல்லி நிறுத்திக்கொள்வர். சங்கத் தலைவி தழுவியதும் அதே கொடி என்பதை எண்ணும்போதுதான், கபிலரின் பாட்டில் தாய் நிற்கும் இடம் எனக்கு மாறித் தோன்றியது. காதலில் நெஞ்சம் உடைந்திருக்கும் மகள் நஞ்சுக்கிழங்கு ஒன்றை மார்போடு அணைத்து வீட்டுக்குள் வருகிறாள். பிடுங்கி எறிவதா, நட்டுக்கொள் என்று விடுவதா? அந்த ஒரு கணத்தில் மகளை நம்புவது என்று அவள் முடிவு செய்திருக்கிறாள்.

தமிழாசிரியர் இதை இன்னும் ஏற்கவில்லை. தாய் அறியாள் என்பதில்தான் அகப்பாட்டின் நயம் இருக்கிறது என்பது அவர் கட்சி. அவர் சொல்வதே சரியாகவும் இருக்கலாம்.

இன்று காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஈழத்தார்க்குக் கார்த்திகைப்பூ, மாண்டாரை நினைக்கும் மாதத்தின் மலர். ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. கீல்வாதத்துக்கு நெடுங்காலமாகத் தரப்பட்ட கோல்சிசினைச் சிற்றளவில் இதய நோயாளர்க்கும் தரலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2023இல் இசைவளித்தது. மருந்துக்கு விதை வேண்டும். ஆகவே என் தாயார் தோண்டிக் கொளுத்திய கொடியை மூலனூரிலும் தாராபுரத்திலும் ஒட்டன்சத்திரத்திலும் வேதாரணியத்திலும் வயலாகவே பயிரிடுகிறார்கள். நடவுக்கென்று தோண்டித் தோண்டியே காட்டில் அது அருகிவிட்டது.

அவ்வயல்களில் ஒரு வேலை உண்டு. காந்தட் பூவின் சூல்தண்டு மகரந்தப்பைகளை விட்டு ஒருபுறமாக வளைந்து விலகி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. எனவே பனி உலர்வதற்கு முன், விடியற்காலையில், கூலிக்கு வரும் பெண்கள் வரிசை வரிசையாகச் சென்று ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைத் தொட்டுச் சூல்முடியில் வைக்கிறார்கள். மூலனூர்ப் பக்கம் ஒரு நாள் வரப்பில் நின்று பார்த்தேன். விரலுக்கும் பூவுக்கும் வேற்றுமை தெரியாத வெளிச்சம். அவர்களுள் ஒருவரிடம், "இதை வீட்டில் வைப்பீர்களா, அம்மா?" என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே, "பொம்பளப் புள்ள இருக்கிற வீடுங்க" என்றார்.